வாசல் நோக்கிய பாதங்கள்

பிறந்த அன்றே ஒரு தாயை விட்டுப் பெருகிய ஆற்றைக் கடந்து போனவனும், இன்னொரு தாயின் மடியில் தவழ்ந்து, அவள் கடைந்த வெண்ணெயை உண்டு, அவள் முடிந்த கயிற்றுக்குக் கட்டுண்டு, அவள் கண்ணுக்குள் மணியாக வளர்ந்தபின் ஒரு காலையில் தேரேறி அவளையும் விட்டுப் போனவனும், போன இடத்தில் மன்னனாகித் தூதனாகிச் சாரதியாகி எங்கும் நிறைந்தும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பிள்ளையாகத் திரும்பி வராதவனுமாகிய மாயவனின் செந்தாமரைத் திருவடிகளுக்கு முதல் வணக்கம். அவன் தேர் கண்ணுக்கு மறைந்த பின்னும் வாசலில் நின்றிருந்த அந்த ஆயர்குலத் தாய்க்கு இரண்டாம் வணக்கம். அவள் மறுநாள் எழுந்து யாருக்காகத் தயிர் கடைந்தாள் என்று சொன்னவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதனினும் குறைவு. அந்தத் தாயின் காலடியில் தலை வைத்துத்தான் இந்தக் கதையைச் சொல்லத் துணிவது.

பொருநை ஆற்றின் தென்கரையில் குழலூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் பெருமாள் கோயில் ஒன்றும், புகைபோக்கி உயர்ந்த நூற்பாலை ஒன்றும், எப்போதும் ஈரமாகவே கிடக்கும் பேருந்து நிலையம் ஒன்றும் உண்டு. கோயிலிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வளைந்து செல்லும் சன்னிதித் தெருவில், நீலக் கதவு போட்ட வீட்டில், வகுளவல்லி என்பவள் ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தனிமை என்றால் என்னவென்று அறிந்துகொண்டிருந்தாள். அவளுடைய கணவர் குழைக்காதன் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு, வருகிற வண்டியை நிறுத்தி, நிற்கிற வண்டியை அனுப்பி, தம் ஆயுளில் பாதியைப் பிறரை வழியனுப்புவதிலேயே கழித்தவர். தாம் எங்கும் போனதில்லை. மூத்தவன் சடகோபன் கப்பலில் பொறியாளன். நடுவில் பிறந்த பூங்கோதை புனேயில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். கடைக்குட்டி மாறன் அந்த ஆடி மாதத்தில்தான் வடநாட்டுக் கல்லூரி ஒன்றில் படிக்கப் போயிருந்தான்.

அவன் போன பிறகு வீடு பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. பதில் சொல்லாததாக ஆகிவிட்டிருந்தது. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடுகிறதே, அணைக்க உங்களுக்குக் கையில்லையா என்று பிள்ளைகளைத் திட்டித் திட்டியே வளர்த்தவள், இப்போது யாரும் இல்லாத மாறனின் அறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு, சமையலறைக்குத் திரும்பி, அங்கிருந்து உரக்க, "ஏ, அந்த ஃபேன அணைக்க ஒருத்தருக்கும் கையில்லையாலே?" என்று கத்துவாள், கத்திய குரல் கூடத்தைச் சுற்றிவிட்டுத் தன்னிடமே வரும், பிறகு தானே போய் அணைப்பாள்.

உறக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் போனபோது அவர் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொன்னார். அதற்குக் குஞ்சுகள் பறந்துபோன கூடு என்று பொருளாம்.

"கூட்டுல குஞ்சு மட்டுமா டாக்டர் பறந்து போகுது?" என்று கேட்டாள் வகுளவல்லி. "எங்க வீட்டு வேப்பமரத்துல பாத்திருக்கேன். குஞ்சு போன மறுநாள் தாயும் போயிருது. காலிக் கூட்டுல உக்காந்து அழுத காக்காய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

மருத்துவர் சிரித்துவிட்டு நடைப்பயிற்சி செய்யச் சொன்னார். எதிர்வீட்டு ஜெகதா தொடர் பார்க்கச் சொன்னாள். பூங்கோதை, ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்துகொள் அம்மா என்றாள். எல்லாரும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்கப் பார்த்தார்களே தவிர, எழுந்து போ என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் பேருந்து ஏறியிருக்கிறாள்தான். மூவருக்கும் முடியிறக்க, காது குத்த, பல் பிடுங்க, தேர்வு எழுத வைக்க என்று ஏறி இறங்கியிருக்கிறாள். ஏறிய ஒவ்வொரு முறையும் ஜன்னலோரம் ஒரு பிள்ளைக்கு, மடி ஒரு பிள்ளைக்கு, அவளுக்கு வாய்த்ததெல்லாம் ஓரத்து இருக்கையும் நிற்பவர்களின் முழங்கையும். தனக்கென்று ஓர் ஊருக்கு அவள் சீட்டு வாங்கியதே கிடையாது.

இப்படியிருக்க ஆவணி வந்தது. கண்ணன் பிறந்த நாளும் வந்தது.

குழலூரில் அந்த நாளில் வீட்டுக்கு வீடு கண்ணன் பாதம் வரைவார்கள். கையை முட்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குழந்தைப் பாதம் விழும். அதன் தலைமாட்டில் ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். வாசலில் தொடங்கிப் பூசையறை வரை, சின்னஞ்சிறு கால்களால் கண்ணன் உள்ளே நடந்து வருவதாகப் பாவனை. வகுளவல்லியின் வீட்டில் இது பிள்ளைகளின் வேலை. மாவுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பிள்ளை வாசலிலிருந்து ஒற்றிக்கொண்டே வரும். அவள் பூசையறையில், தவழும் கோலத்து வெண்கலக் கண்ணனின் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வா வா, என் ராசா, வா" என்று அழைத்துக்கொண்டேயிருப்பாள். போன வருடம்கூட மாறன், மீசை அரும்பிய பிறகும், முனகிக்கொண்டே வரைந்தான். "என் முட்டிய வச்சு ஒத்துனா இது கண்ணன் கால் இல்லம்மா, பீமன் கால்" என்றான்.

இந்த வருடம் அழைப்பவளும் அவளே, வரைய வேண்டியவளும் அவளே. முறுக்கும் சீடையும் வழக்கம்போல ஒரு படைக்குப் போதுமான அளவு செய்துவிட்டு, மாலை வெயில் கூடத்தில் சாய்ந்தபோது, எப்போதும் உட்காரும் இடத்திலேயே, அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவைக் கரைத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒற்றத் தொடங்கினாள். முதல் பாதம், இரண்டாம் பாதம், அதற்கடுத்தது என்று கை தன்போக்கில் போக, நெஞ்சு வேறெங்கோ போக, கூடத்தைக் கடந்து, நடையைக் கடந்து, வாசற்படியில் கடைசிப் பாதத்துக்கு ஐந்தாம் பொட்டை வைத்து நிமிர்ந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்து ஜெகதா நின்றுகொண்டிருந்தாள். "மதினி, என்ன இது? எல்லாரும் கண்ணன உள்ள கூப்புடுதாவ, நீங்க புடிச்சு வெளிய தள்ளுதிய?"

வகுளவல்லி குனிந்து பார்த்தாள். பாதங்கள் அனைத்தும், விரல்கள் ஒன்று தப்பாமல், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அழிச்சுட்டு மறுபடி வரைங்க. இருட்டதுக்குள்ள முடிச்சிரலாம். நான் வேணா வாரேன்."

அழித்திருப்பாள். ஈரத் துணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் முதல் பாதத்தின்மேல் துணியை வைக்கப் போன நேரத்தில், அந்த வாசல் வழியாகப் பெட்டியோடு இறங்கிய மூவரின் முதுகும் அவளுக்குத் தெரிந்தது; எங்கிருந்தோ ஒரு கோபம், சுடுநீரில் கொதி ஏறுவது போல, ஏறி வந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "எல்லாவனும் இந்த வழியாத்தான் போனான். இவனும் போகட்டும். இவனுக்குப் போறது ஒண்ணும் புதுசில்ல."

மறுநாள் விடிந்தபோது பூசையறைப் பலகை காலியாக இருந்தது. நைவேத்தியம் வைத்த வெண்ணெய்க் கிண்ணம் துடைத்தாற்போல் இருந்தது. முந்தைய மாலை வாசற்படியோடு நின்ற பாதங்கள், படியிறங்கி, குழாயடியில் சற்று நின்று கால் நனைத்து, தெருவின் நடுவே வெள்ளை வெளேரென்று நடந்து போயிருந்தன. குழைக்காதன் அவற்றைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "விடியுமுன்ன கிளம்பியிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணிக்குப் போனார்.

வெண்கலக் கண்ணன் எப்படி எழுந்து நடந்தான் என்று குழலூரில் யாரும் கேட்கவில்லை. நடக்கத் தெரியாதவனா அவன் என்பதே எல்லார் எண்ணமும். அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. வலக்காலை முதலில் எடுத்து வைத்தானா, இடக்காலை முதலில் எடுத்து வைத்தானா என்பதில் கோயில் மண்டபத்தில் இரண்டு கட்சி உண்டாகி, ஒரு கட்சியார் மற்றக் கட்சியாரின் கையால் தீர்த்தம் வாங்க மறுத்தனர். பாதங்கள் மழையில் கரையவில்லை, வெயிலில் உதிரவில்லை, லாரிச் சக்கரத்தில் மங்கவில்லை. ஆகவே தெருவைக் கூட்டும் பணியாளர்கள் அவற்றைச் சுற்றிக் கூட்டக் கற்றுக்கொண்டனர். மோட்டார் வண்டிக்காரர்கள் ஓரமாக வரிசையில் போகக் கற்றுக்கொண்டனர். ஆட்டோ ஓட்டுநர்கள் வழி சொல்லும்போது, "கண்ணன் கால் மாவுக்கடைப் பக்கம் திரும்புதில்லா, அங்கன இறங்கிக்கோங்க" என்று சொல்லத் தொடங்கினர்.

ஒவ்வொரு விடியலிலும் பாதங்கள் சிறிது தூரம் நீண்டிருந்தன. நேராகப் போகவில்லை. வீடு வீடாக நுழைந்தன. நேரே சமையலறைக்குப் போய், வெண்ணெயோ நெய்யோ இருந்தால் ஒரு கை பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, அடுத்த வீட்டுக்குப் போயின. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் வீட்டில் இனிப்பில்லாத பிஸ்கட்டைப் பாதி கடித்து வைத்துவிட்டு வந்திருந்தான். மரியபுஷ்பம் டீச்சரின் வீட்டில் மாதா படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தான். டீச்சரின் ஒரே மகள் குவைத்தில் செவிலியாக இருந்தாள். பாதங்களைத் துடைக்கவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, "எதுக்குத் துடைக்கணும்? மாதாவும் பிள்ளைய வெளிய அனுப்பிட்டு நின்னவதான. வந்த பிள்ள ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருக்கு" என்றார்.

இதுவரை எல்லாம் சுகமாகவே இருந்தது. பிறகுதான், பாதங்கள் நுழைந்து வெளியேறிய வீடுகளில், எவர் நெஞ்சிலாவது வெகுகாலமாக ஒரு பயணம் கட்டுண்டு கிடந்தால் அது தானாக அவிழத் தொடங்கியது என்பதை ஊர் கண்டுகொண்டது. நூற்பாலையில் கணக்கு எழுதியவர், ஓய்வு பெற்றதும் போகிறேன் போகிறேன் என்று சொல்லியே வந்த காசிக்கு ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தையற்கடைப் பெண் ஒருத்தி, கடையைச் சாத்திவிட்டுத் தன் தோழி இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் ஜெகதாவின் மகன் தாமோதரன் போனான்.

தாமோதரனுக்கு இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு எத்தனையோ முறை அழைப்பு வந்தும், "எனக்கு நெஞ்சு படபடங்குடா" என்று ஜெகதா சொன்ன ஒரு சொல்லுக்காக, உள்ளூர்க் கைப்பேசிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். பாதங்கள் அவன் வீட்டுக்குள் போய், குளிர்பெட்டி வரை நடந்து, அவன் கட்டிலருகே சற்று நின்று வெளியேறிய காலையில், அவன் பல் துலக்கி, பெட்டியை எடுத்து, தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அந்தக் கால்தடங்களின் ஓரமாகவே நடந்து போய்விட்டான்.

அன்று மாலை தெருவே வகுளவல்லியின் வாசலுக்கு வந்தது. முன்னால் ஜெகதா நின்றாள். தலை முடியப்படாமல் இருந்தது.

"எம் மவனக் கூட்டிட்டுப் போயிட்டான் மதினி ஒங்க கண்ணன்! நீங்க மூணையும் தொலைச்சிட்டு நிக்கிய, அதுக்கு ஊருல உள்ளதெல்லாம் தொலையணுமா?"

"நான் எதையும் தொலைக்கல ஜெகதா. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்ய? ஒரு வா காப்பி குடுக்க முடியுமா?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் பட்டர் வந்தார். நல்லவர்; பிரபந்தம் சொன்னால் உருகுகிறவர்; ஆனால் அவருடைய ஒரே மருமகனும் அந்த வாரம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்ததால் கலங்கிப் போயிருந்தார்.

"அம்மா, கோவிச்சுக்கப்படாது. வரைஞ்ச கைதான் மாத்தணும். அந்தக் கால்களை அழிச்சுட்டு, வாசல்லேர்ந்து உள்ளே வர்ற மாதிரி வரையுங்கோ. அவனும் திரும்புவான், போனவா எல்லாரும் திரும்புவா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க குழந்தேளும்தான்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. கூட்டம் வாசலிலேயே காத்திருந்தது. அவள் உள்ளே போய் மாவு கரைத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் மண்டியிட்டு, பழைய பாதங்களுக்குப் பக்கத்தில், விரல்கள் வீட்டைப் பார்க்க, ஒரு பாதத்தை ஒற்றினாள்.

ஐந்தாம் பொட்டு வைத்து முடிக்கவில்லை, கைப்பேசி ஒலித்தது. மாறன்.

"அம்மா, என்னன்னு தெரியலம்மா. கால் வகுப்புப் பக்கம் போக மாட்டேங்கு. ஸ்டேஷன் பக்கமே திரும்புது. ஊருக்கு வந்துரட்டா?"

அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில், மின்விசிறியும் மூன்று தட்டுகளும் கதவில் தொங்கும் ஈரத் துண்டும் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. பதில் சொல்லாமல், கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டாம் பாதத்தை ஒற்றினாள். நடுவே பூங்கோதையின் அழைப்பு குறுக்கிட்டது. அலுவலகத்தில் கூட்டம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்துவிட்டாளாம், கையில் பை இருக்கிறதாம், எங்கே போகிறோமென்று தெரியவில்லையாம். மூன்றாம் பாதம். சடகோபன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான்: "கப்பல் புறப்படப் போகுதும்மா. நான் கீழ இறங்கிக் கரையில நிக்கேன். எதுக்கு இறங்குனேன்னு எனக்கே புரியல."

இன்னும் சில பாதங்கள். பூசையறை வரை ஒற்றிவிட்டால் போதும். மூவரும் இந்தக் கூடத்தில் இருப்பார்கள். ஜெகதாவின் மகன் இருப்பான். பட்டரின் மருமகன் இருப்பான். கண்ணன் பலகையில் இருப்பான். அவள் கை மாவில் தோய்ந்திருந்தது. தெரு மூச்சடக்கிப் பார்த்திருந்தது. அவளுடைய உடம்பு முழுவதும், பெற்ற வயிறும், சுமந்த இடுப்பும், தூக்கிய தோளும், ஒற்று, ஒற்று என்று சொல்லின.

மாறனின் அழைப்புக்கே திரும்பி, "மாறா" என்றாள். "ஒனக்கு வரணும்னு இருக்கா?"

"கால் வருதும்மா" என்றான்.

"காலக் கேக்கலலே. ஒன்னக் கேக்கேன்."

"இங்க ஆத்தங்கரை ஒண்ணு இருக்கும்மா. நாங்க அஞ்சாறு பேரு சாயங்காலம் போவோம். நாளைக்கு ஒரு பாலம் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க. அதப் பாத்துட்டு..." அவன் குரல் தேய்ந்தது. "ஆனா கால் நிக்க மாட்டேங்கும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உரலில் கட்டிய தாய்கூடக் கயிற்றை அவிழ்த்துத்தான் விட்டாள். தேரில் ஏறியவனைத் தேர்ச்சக்கரத்தைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படி இழுத்து வந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பது அவன் கால்தானே ஒழிய அவன் அல்லன்.

அவள் தன் உள்ளங்கையால், ஈரத் துணிகூட இல்லாமல், மூன்று பாதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தித் தேய்த்து அழித்தாள். எந்த மழைக்கும் கரையாத மாவு அவள் கைக்குக் கரைந்தது.

"போயி பாலத்தப் பாருலே" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தாள்.

பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல், தெருவைப் பார்த்து நின்றாள். "கேட்டுக்கோங்க எல்லாரும். நான் அழிக்க மாட்டேன். திருப்பி வரையவும் மாட்டேன். பெத்தது வெளிய போறதுக்குத்தான்னா, வெளிய பாக்குற கால வரையுறதுக்கு எனக்கென்ன வெக்கம்? தப்பா வரைஞ்சேன்னுதான் நானும் நெனச்சேன். இப்ப சொல்லுதேன், சரியாத்தான் வரைஞ்சிருக்கேன்."

"நீங்க ஒரு தாயா மதினி?" என்று ஜெகதா வீறிட்டாள்.

"தாய்தான். வாடகைக்கு வச்ச காவக்காரி இல்ல."

பட்டர் தலைகுனிந்தார். "பகவானையே வெளியே அனுப்பிட்டு, பூசையறையிலே யாருக்கம்மா அமுது படைப்பேள்?"

"பசிச்ச ஆளுக்கு, சாமி" என்றாள் வகுளவல்லி. உள்ளே போய், அன்று கடைந்த வெண்ணெயை உருட்டி, காலிப் பலகையின் முன் நின்று, தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள். அவள் கடைந்த வெண்ணெயின் சுவை அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றாகவே இருந்தது.

அடுத்த விடியலில் பாதங்கள் பேருந்து நிலையத்தை எட்டிவிட்டன என்று குழைக்காதன் வந்து சொன்னார். காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தவர் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே, "கிழக்க கடலோரமாப் போகுற வண்டி. படியில ஏறி உள்ள போயிருக்கு. டிரைவர் எடுக்க மாட்டேங்கான். யாரோ வரணும்னு காத்துக்கிட்டு இருக்க மாதிரி இருக்காம்" என்றார்.

வகுளவல்லி அவரைப் பார்த்தாள். அவர் இட்டிலியைப் பார்த்தார்.

அவள் ஒரு பையில் இரண்டு சேலையும், சீடை டப்பாவும் வைத்தாள். மாறனின் அறைக்குள் போய், மின்விசிறியைப் போட்டாள், நின்று அதன் காற்றைத் தானே வாங்கினாள், அணைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை மரியபுஷ்பம் டீச்சரிடம் கொடுத்தாள். பிறகு வெள்ளைப் பாதங்களின் பக்கமாகவே நடந்தாள். அவை நின்ற குழாயடியில் தானும் நின்று கால் நனைத்தாள். நனைந்த கால் அவளுக்குப் பின்னால் தெருவில் பதிந்த இடமெல்லாம், சின்னப் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாதம், பித்தவெடிப்புக் கோடுகளோடு, வெள்ளையாக விழுந்துகொண்டே வந்தது. மாவுக்கடைக்காரர் அதைப் பார்த்து, இனி ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்வது இன்னும் எளிதாகிவிடும் என்று எண்ணிக்கொண்டார்.

பேருந்துப் படியில் அவள் கால் வைத்தபோது, தலை முடியாமல் ஓடி வந்தாள் ஜெகதா. கையில் ஒரு தூக்குவாளி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நீட்டினாள்.

"புளியோதரை. இந்த வண்டி கோயம்புத்தூர் வழியாப் போனா எம் மவன்கிட்ட குடுங்க."

"இது கடலுக்குப் போற வண்டி ஜெகதா."

"அப்ப நீங்களே தின்னுங்க. நான் ஒங்ககூடப் பேசல." சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள், போகவில்லை. அவள் கண் மட்டும், பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர் வண்டியின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் பாதங்கள் நடுவழியாக நடந்து, இடப்பக்கம் திரும்பி, ஓர் இருக்கையின்மேல் ஏறி, ஜன்னலோரத்தில் நின்றிருந்தன. குழந்தை வேடிக்கை பார்க்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்குமே, அப்படி. பக்கத்து இடம் காலியாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் காலத்திலும் அவளுக்கென்று விட்டுவைத்த அதே ஓரத்து இடம். பழக்கத்தில் அதில் உட்காரப் போன வகுளவல்லி, பாதி குனிந்தவள், நிமிர்ந்தாள்.

கீழே குழைக்காதன் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை. இத்தனை வருடமாக ஒரு நிமிடம் பிசகாமல் வண்டிகளை அனுப்பியவர், நேரம் கடந்தும் ஊதவில்லை.

"எப்ப வருவ?" என்றார்.

"வருவேன்" என்றாள் அவள். "மூணு பேரும் போகும்போது நீங்க எப்பன்னா கேட்டீய? விசில அடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கன்னம் இரண்டும் உப்ப, ஊர் முழுவதும் கேட்கும்படி, நீளமாக ஊதினார். வண்டி உறுமியது.

அவள் ஜன்னலோரத்து வெள்ளைப் பாதங்களைப் பார்த்தாள். மூவுலகும் அளந்த பாதங்கள்; வேதங்கள் தேடும் பாதங்கள்; அவள் வீட்டு வெண்ணெயைத் தின்றுவிட்டுச் சொல்லாமல் கிளம்பிய பாதங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"தள்ளி உக்காரு. ஜன்னலோரம் இந்தத் தடவ எனக்கு."

ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அந்தச் சின்னஞ்சிறு பாதங்கள், ஒவ்வொரு விரலாக, ஓரத்து இடத்துக்கு நகர்ந்தன.

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திறந்தாள். காற்று முகத்தில் அறைந்தது.

அவள் கடலைக் கண்டு, காது நிறைய அலையைக் கேட்டு, கறுத்துத் திரும்பி வந்தாள். பிறகு மறுபடியும் போனாள். அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் வெண்கலக் கண்ணன் பலகையில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். அவள் இல்லாத நாட்களில் அவனும் இல்லை. நைவேத்தியம் இரண்டாகப் பங்கிடப்படுகிறது. தாமோதரன் பொங்கலுக்குத் தானாக வந்தான். அதே நாளில் ஜெகதாவும் கோயம்புத்தூருக்குக் கிளம்பியிருந்தாள் என்பதால் இருவரும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். குழலூரில் இன்றளவும் ஆவணி மாதத்தில் கண்ணன் பாதத்தை வாசல் நோக்கித்தான் வரைகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பாதத்தையும், வெடிப்புக் கோடு விடாமல், வரைகிறார்கள்.

இதைக் கேட்டவர் வீட்டுப் பிள்ளைகள் போகும் திசையெல்லாம் வழி மலரட்டும். போனவர்கள் கால் இழுத்து அல்லாமல் மனம் இழுத்து வரட்டும். அவர்கள் வரும் நாளில் கதவு திறந்திருக்கட்டும். திறக்க நீங்கள் வீட்டில் இல்லையென்றால் சாவி அண்டை வீட்டில் இருக்கட்டும். உங்கள் கையால் கடைந்ததில் உங்களுக்கும் ஒரு வாய் மிஞ்சட்டும். மாயவன் திருவருளால், கேட்ட செவிக்கும் சொன்ன நாவுக்கும், ஏறும் வண்டியிலெல்லாம் ஜன்னலோரம் வாய்க்கட்டும்.